வீங்காத வலி

பிப்ரவரி 13, வியாழன்

கோமு மிஸ் இந்த நோட்டைக் கொடுத்து, அன்றன்று என்ன வேலை செய்தோம், வலி எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். நாங்கள் வாங்கிப் பார்க்க மாட்டோம், உங்களுக்காக எழுதுங்கள் என்றார். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இன்று வலி வகுப்பின் முதல் நாள். இனி வியாழக்கிழமைதோறும் போக வேண்டும். கோமு மிஸ்தான் பிசியோ. புது ஊசி கிடையாது, மாத்திரையும் பழைய மாத்திரைதான். வலியோடு எப்படி நடப்பது, குனிவது, தூங்குவது என்று சொல்லித் தருவார்களாம். வந்தவர்களில் பாதிக்கு மேல் முதுகு வளைந்த பெரியம்மாக்கள். ஒரு டிரைவர் மாமா. சின்ன வயதில் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும்தான்.

எனக்கு இடுப்பில் தொடங்கும். முதுகு, தோள், சில நாள் முழங்கை வரை போகும். பத்தாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பாடம் கேட்டேன். பிறகு நிற்கவும் முடியவில்லை. அரையாண்டோடு நின்றுவிட்டேன். இப்போது பதினேழு ஆகிறது. எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எதிலும் ஒன்றும் இல்லை. கடைசிப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதுகெலும்பு, நடுவிலுள்ள தட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. படத்தில் தெரியாவிட்டால் வலி இல்லை என்று அர்த்தமில்லை என்றும் அவர் சொன்னார். அதற்குள் அம்மா படத்தை உறையில் போட்டுவிட்டாள்.

அந்த இன்னொரு பெண்ணின் பெயர் ஜெபா. பிளஸ் ஒன் படிக்கிறாள். யூனிபார்மிலேயே வந்திருந்தாள். பயிற்சிக்காகப் பேண்ட்டை மடக்கிவிட்டபோது பார்த்தேன், வலது முழங்கால் சின்னத் தேங்காய் அளவு வீங்கியிருந்தது. மணிக்கட்டிலும் வீக்கம். சிறு வயதிலிருந்தே மூட்டு வாதமாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

"ஐயோ பிள்ள, இத வச்சுக்கிட்டா தனியா பஸ் ஏறி வார?"

குனிந்து அந்த முழங்காலின்மேல் கை வைத்தாள். அம்மாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

என் இடுப்பில் அம்மா அப்படிக் கை வைத்ததில்லை. வைத்தாலும் என்ன தெரியப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வலி உண்டு. பாத்திரம் மட்டும் கழுவினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வலி எங்கே போனது என்று திரும்பிப் படுத்தும் குனிந்தும் தேடிப் பார்த்தேன். இல்லை. இந்த மாதிரி நாள் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். போர்வை எல்லாவற்றையும் ஊற வைத்துத் துவைத்தேன். தண்ணீர் பிடித்தேன். பரண்மேல் ஏறி ஒட்டடை அடித்தேன். அப்பாவின் அழுக்குச் சட்டைகளையும் விடவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

சந்தைக்குப் போய்விட்டு வந்த அம்மா கொடியைப் பார்த்தாள். கொடி முழுக்கப் போர்வை. "மனசு வச்சா முடியுதுல்லா" என்றாள்.

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று எழுந்திருக்கவே முடியவில்லை. இன்றும் அப்படித்தான். முந்தாநாள் அத்தனை போர்வை துவைத்தவளுக்கு இன்றைக்குத் தட்டு எடுக்கக்கூட முடியவில்லையா என்று அம்மா கேட்டாள். எனக்கு எப்போதும் பதில் பிறகுதான் வரும், ஆள் போன பிறகு. தலைமாட்டில் சோறும் தண்ணீரும் வைத்து மூடிவிட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள். அங்கே பண்டல் கட்டுகிற வேலை.

பிப்ரவரி 19, புதன்

வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அம்மா வேலை விட்டு வரும் நேரத்துக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஒரேயடியாக நிமிர்ந்து நடந்தால் நேற்றைய வலி பொய்யாகிவிடும்.

வீக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைய பாடம் எனக்காகவே நடத்தியது மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிற நாளில் விட்டுப்போன வேலையை எல்லாம் முடித்துவிட ஆசை வரும், அங்கேதான் தவறு நடக்கிறது என்றார் கோமு மிஸ். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே அளவு. நடுவில் உட்கார வேண்டும்.

"வலி வந்து உங்கள நிறுத்தக் கூடாது. அதுக்கு முன்னாடி நீங்களே நிறுத்தணும்" என்றார்.

டிரைவர் மாமா, வலிக்காதபோது எப்படி மிஸ் நிறுத்த மனசு வரும் என்று கேட்டார். ஜெபா உடனே, "புரோட்டா திங்கும்போதும் இப்படித்தான் மாமா, வயிறு சொல்லுறதுக்குள்ள நாமளே நிறுத்தணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோமு மிஸ்ஸும். நான் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்கவில்லை.

பயிற்சி ஒவ்வொருவராகச் செய்ய வேண்டும். ஜெபாவின் முறை முதலில் முடிந்துவிடும். அவளுடைய பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் வெளியே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் பாயில் மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக அவர்கள் இரண்டு பேரும் தெரிகிறார்கள். அம்மா ஏதோ கேட்கிறாள், ஜெபா கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். அம்மா எனக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழச் சோற்றில் பாதியைச் சம்புடத்தின் மூடியில் வைத்து அவளுக்குக் கொடுத்தாள். போகும்போது, "வாரேன் சித்தி" என்றாள் ஜெபா.

சித்தியாம். பார்த்து ஒரு வாரம்.

பிப்ரவரி 27, வியாழன்

அம்மா கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு என்று நினைத்தேன். எனக்கும்தான்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். வலியைத் துரத்துவதற்காக இல்லை, வலியைக் கண்டு உடம்பு இறுகிக்கொள்வதைத் தளர்த்துவதற்காம். கண்ணை மூடச் சொன்னார்கள். எல்லோரும் மூடியிருந்தபோது நான் மட்டும் திறந்து ஜெபாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்தாலே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

படுக்கும் முன் என் முழங்காலைத் தடவிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மார்ச் 2, ஞாயிறு

வேலையைப் பிரித்துச் செய்து பார்த்தேன். அம்மாவின் போனில் பாட்டு வைத்துக்கொண்டு, இரண்டு பாட்டு முடிகிற வரை வீடு கூட்டுவது, ஒரு பாட்டுக்கு உட்கார்வது. முதல் தடவை உட்கார்ந்தபோது வலி துளிகூட இல்லை. உடம்பு இன்னும் செய்யலாம் என்கிறது. கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன் உக்காந்துட்ட, வலிக்குதா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

மார்ச் 6, வியாழன்

பஸ்ஸில் வரும்போது அம்மா வாயில் முழுக்க ஜெபா புராணம். காலையில் எழுந்தால் ஜெபாவுக்கு விரல் மடங்காதாம், வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு பாடம் படிப்பாளாம். அவள் அம்மாவுக்குத் திருநெல்வேலி ஜவுளிக்கடையில் வேலை, வர முடியாது என்பதால் தனியாகவே வருகிறாளாம். யாராவது சத்தம் போட்டால் அன்று வலி கூடுமாம். அதைச் சொல்லிவிட்டு அம்மா பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பிறகு, "உனக்கும் அப்படித்தானா?" என்றாள்.

இல்லை என்றேன். அவளோடு என்னை எதற்குச் சேர்க்க வேண்டும்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பாட்டு, ஒரு பாட்டு. இப்படியே ஒரு வாரமாகச் செய்கிறேன். போன ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு நாளும் பாயோடு கிடக்கவில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தாயா ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். தெருவில் போகும்போது மட்டும் கொஞ்சம் காலை இழுத்து நடந்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஜெபா வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதினால் என்ன, யாரும் பார்க்கப் போவதில்லை.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமு மிஸ்தான் சொன்னார், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஜெபா நடனம் ஆடினாளாம். மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை, காய்ச்சலும் வந்துவிட்டது. மாடியில் பெண்கள் வார்டில் இருக்கிறாள். அம்மா உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு வலிக்கிறது என்றேன். லிப்ட் இருக்கிறது, வா என்றாள்.

சிரிக்காத ஜெபாவை இன்றுதான் பார்த்தேன். முகம் சின்னதாக இருந்தது. அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இளநீர் வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டாள். நானும் அவளும் மட்டும். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரு. உனக்கு என்னக் கண்டா பிடிக்காதுன்னு தெரியும். அதுக்காக நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. சித்தி எங்கிட்ட பேசுனா நீ அங்க காலத் தூக்கிக்கிட்டே ஜன்னல் வழியா முறைப்ப. எனக்குச் சிரிப்பு வரும்." அவள் கொஞ்சம் சிரித்தாள். "அவங்க என்ன பேசுதாங்கன்னு நெனச்ச?"

எனக்கு எப்படித் தெரியும்.

"வலிச்சா எப்படி இருக்கும், குத்துமா எரியுமா, தொட்டா பிடிக்குமா பிடிக்காதா, ஏசுனா கூடுமா. எல்லாம் உனக்காகத்தான் கேக்காங்க. நீ வாயத் தொறக்க மாட்டியாம். நான் என்னத்தக் கண்டேன், எனக்கு எப்படியோ அதச் சொன்னேன். தேள் கொட்டுன மாதிரி ஒரு எடத்துல சுருக்குன்னு பிடிச்சு, பொறவு ஏறும்னேன்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வலியை அம்மா என்னிடம் கேட்காமல் இவளிடம் கேட்டிருக்கிறாள், அதையும் இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் அம்மா பஸ்ஸில் என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது.

ஏன் ஆடினாய் என்று கேட்டேன். வேறு பேச்சு வேண்டியிருந்தது. ஒத்திகையிலேயே வலித்ததாம். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே ஆடினாளாம். "நான் இப்படி. நீ அப்படி. போன வாரம் மாடிப்படில நொண்டுனியே, அது சும்மாதான?" என்றாள்.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

சோறு வடித்தேன். துணி மடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஜெபா வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் வகுப்புக்கு வரவில்லை. நான் பயிற்சி செய்யும்போது அம்மா பெஞ்சில் தனியாக இருந்தாள். முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளிடம் போய் ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன். என்ன பேசுவது. ஜெபா என்றால் இந்நேரம் பத்து விஷயம் சொல்லியிருப்பாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அம்மா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 27, வியாழன்

ஜெபா வந்துவிட்டாள், கைத்தடியோடு. இப்போது அதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். டிரைவர் மாமா கதவைத் திறந்து விட்டார். அம்மா பாதி வாசல் வரை போய்க் கூட்டி வந்தாள்.

இனிமேல் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் போகிறேன் என்று ஜெபா வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். வகுப்பாசிரியையிடம் பேசி, நடுவில் எழுந்து நடக்க அனுமதி வாங்கிவிட்டாளாம். கோமு மிஸ் கை தட்டினார். அடுத்து, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். என்னைத்தான் பார்த்தார். நான் மூன்று வாரமாகப் பாயில் விழவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவளுக்குக் கை தட்டுவதற்கும் ஒரு விஷயம் இருக்கிறது, பரிதாபப்படுவதற்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஊரில் செவ்வாய்க்கிழமை அம்மன் கோவில் பொங்கல். அப்பாவின் அக்கா, சாத்தூர் அத்தை, நேற்றே வந்துவிட்டாள். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, கன்னத்தில் சதை போட்டிருக்கிறதே, வலிக்காரி மாதிரி தெரியவில்லையே என்றாள்.

இன்று முறுக்கு. வீட்டில் முறுக்குப் பிழிவது நான்தான், கை நடுங்காமல் ஒரே அளவாக வரும். ஆனால் அச்சை அழுத்தினால் தோளில் பிடித்துக்கொள்ளும். போன வருஷம் ஒரே மூச்சில் மாவு முழுவதையும் பிழிந்துவிட்டு, பொங்கலன்று பாயில் கிடந்தேன். கொட்டுச் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். அதனால் இந்த முறை மூன்று ஈடு பிழிந்ததும் எழுந்துவிடுவது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று ஈடு என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா அடுப்பில். அத்தை மாவு பிசைந்து கொடுத்தாள். நான் பிழிந்தேன். இன்று நல்ல நாள். மூன்றாவது ஈடு முடிந்தபோது தோள், முதுகு, இடுப்பு எங்கும் ஒன்றுமில்லை. அச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.

"என்னட்டி, மகராணி எந்திரிச்சிட்டா?" என்றாள் அத்தை. "மூஞ்சியப் பாத்தா வலிக்கிற மூஞ்சி மாதிரி இல்லையே."

என் கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. முகத்தைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், அத்தை பேச்சை நிறுத்திவிடுவாள். எனக்கு அது நன்றாக வரும். ஏனோ அப்போது ஜெபா வகுப்பில் எழுந்து நின்று சொன்னது கண்முன் வந்தது. அவளால் முடியும், என்னால் முடியாதா என்று எரிச்சலாக இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப வலிக்கல அத்த" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வலிக்கல. வலிக்கதுக்கு முன்னால நிறுத்துதேன்."

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது நல்லாருக்கே. எனக்கும்தான் எங்கயும் வலிக்கல. நானும் போய்ப் படுத்துக்கிடட்டுமா?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். இத்தனை நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததெல்லாம் இதோ பொய்யாகப் போகிறது, இனி நிஜமாகவே வலிக்கிற அன்று அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். எண்ணெயில் முறுக்கு இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"படுத்துக்கிடுங்க மைனி, யாரு வேண்டாம்னா" என்றாள் அம்மா. கம்பியால் முறுக்கைத் திருப்பிவிட்டபடியே, நிதானமாகச் சொன்னாள். "அவ உக்காரட்டும். வலிச்ச பொறவு உக்காந்தா அது மூணு நாள் கூலி கேக்கும். தேள் கொட்டுன மாதிரி ஒரு எடத்துல சுருக்குன்னு பிடிச்சு, பொறவு ஏறும். வெளிய ஒண்ணும் தெரியாது."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அச்சை எடுத்து மீதியைத் தானே பிழிய உட்கார்ந்தாள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போனாள்.

அம்மா பிழிகிற முறுக்கு கோணல் மாணலாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எனக்காகப் பேசியிருக்கிறாள், அதுவும் நான் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கும்போது. ஆனால் அவள் பேசியது ஜெபாவின் பேச்சு. தேள் ஜெபாவுடையது. என் உடம்புக்குள் தேள் கிடையாது. என்னைக் காப்பாற்றக்கூட அம்மா அவளிடம்தான் வார்த்தை வாங்க வேண்டியிருக்கிறது என்று நினைத்ததும் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, தேள் கொட்டுன மாதிரி இருக்கது ஜெபாவுக்கு. எனக்கு அப்படி இல்ல."

அம்மாவின் கை நின்றது. பாதி முறுக்கு அச்சிலிருந்து தொங்கியது.

"பின்ன எப்படிட்டி இருக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஈரப் போர்வையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குவார்களே, அந்த மாதிரி என்றேன். முறுக்கிப் பிழிந்த பிறகு விட்டுவிடுவார்கள்தானே, இது விடாது என்றேன். எந்தப் பக்கம் முதலில் என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். தூங்கும்போதுமா என்று கேட்டாள். தூங்கும்போது அது தளராது, நான்தான் அதற்குள் தூங்கிவிடுவேன் என்றேன். மழை நாளில் எப்படி, பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே இருந்தபோது எப்படி, அவள் ஏசிவிட்டு வேலைக்குப் போன அன்று எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னேன். நடுவில் அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். இவ்வளவு மாவு அப்படியே இருக்கிறது, எண்ணெய் ஆறிப்போய்க் கிடக்கிறது, இதென்ன கூத்து என்று கேட்டாள்.

"செத்த இருங்க மைனி" என்றாள் அம்மா, என் பக்கமிருந்து திரும்பாமலே. "அவ இன்னும் சொல்லி முடிக்கல."